மாடு கறந்துவிட்டு மேட்ச்

நியூஸிலாந்து போகிறவர்கள் வைட்டோமோ குகையில் மினுமினுக்கும் புழுக்களைப் பார்த்துவிட்டு, போட்டோ எடுக்க விடவில்லையே என்று அலுத்துக்கொண்டு, காரைத் திருப்பி ஆக்லாந்துக்கு ஓடிவிடுவார்கள். திருப்பாமல் இன்னும் ஒரு இருபது நிமிஷம் ஓட்டுங்கள். டே குயிட்டி வரும். ஐயாயிரம் பேர்கூட இல்லாத ஊர். கிங் கன்ட்ரி என்று சொல்லப்படும் சீமையில் இருக்கிறது. சுற்றிலும் பச்சைக் குன்று, குன்றெல்லாம் ஆடு மாடு.

ஊரில் இரண்டு சிலைகள். ஒன்று, ஆட்டு ரோமம் கத்தரிக்கும் தொழிலாளிக்கு. இன்னொன்று கோலின் மீட்ஸ் என்ற ரக்பி ஆட்டக்காரருக்கு. இரண்டு பேருமே அரசியல்வாதி இல்லை! நமக்கு நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

ரக்பி தெரியாதவர்களுக்கு ஒரு வரி. பக்கத்துக்குப் பதினைந்து பேர், முட்டை வடிவப் பந்து. முன்னேறிக்கொண்டே இருக்கவேண்டும், ஆனால் பந்தைக் கையால் பின்னால் வருகிறவனுக்குத்தான் தள்ளலாம். ஏறக்குறைய நம் ஆபீஸ் ஃபைல்.

மீட்ஸ் இந்தச் சீமை விவசாயி. 1957 முதல் 1971 வரை நாட்டின் ஆல் பிளாக்ஸ் டீமில் 133 ஆட்டம், அதில் 55 டெஸ்ட். 1970-ல் தென் ஆப்பிரிக்காவில் கை எலும்பு முறிந்த பிறகும் மைதானத்தை விட்டு வெளியே வராத மனுஷன். சம்பளம்? சைபர். ஆட்டம் முடிந்தால் ஊருக்குத் திரும்பி ஆடு மாட்டைப் பார்க்க வேண்டியதுதான். 2017 ஜூனில் சிலை திறந்தபோது அவரே வந்து பார்த்தார். ஆகஸ்டில் காலமாகிவிட்டார்.

1995-ல் ரக்பியில் சம்பளம் வந்தது. கெட்டிக்காரப் பையன்கள் பெரிய நகரங்களுக்கு பஸ் ஏறினார்கள். 2006-ல் மாகாணப் போட்டியையே இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். பெரிய மாகாணங்கள் பதினாலும் மேலே. கிங் கன்ட்ரி, புல்லர், வெஸ்ட் கோஸ்ட் மாதிரி சின்னது பன்னிரண்டும் கீழே. கீழ்ப் பிரிவுக்குப் பெயர் ஹார்ட்லேண்ட் சாம்பியன்ஷிப். முதல் கோப்பை மீட்ஸ் பெயரில், அடுத்தது பிரையன் லோகோர் பெயரில்.

லோகோர் பற்றி ஒரு விஷயம். அவரும் விவசாயி. ரிடையராகி வீட்டில் இருந்தவரை 1971-ல் டெஸ்டுக்கு ஆள் குறைகிறது என்று கூப்பிட்டார்கள். வெலிங்டனில் டெஸ்ட் ஆடப் போகிறேன், அப்புறம் போன் செய்கிறேன் என்று மனைவிக்கு ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினாராம். நாம் அப்படிச் சீட்டு எழுதிவிட்டுக் கிளம்பினால் திரும்பி வரும்போது கதவு திறக்குமா, சொல்லுங்கள்.

சீசன் முடிந்ததும் இந்தப் பன்னிரண்டு மாகாணங்களிலிருந்தும் பொறுக்கி எடுத்து ஒரு டீம் கட்டுகிறார்கள். நியூஸிலாந்து ஹார்ட்லேண்ட் பதினைவர். சொந்த மைதானம் கிடையாது. ஒன்றிரண்டு மேட்ச் ஆடுவார்கள். ஆடிவிட்டுக் கலைந்து, அவரவர் கொட்டிலுக்கும் பட்டறைக்கும் போய்விடுவார்கள்.

நான் போனது செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. மைதானத்தைச் சுற்றிக் காரையும் வேனையும் நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்தபடியே மேட்ச் பார்க்கிறார்கள். டிரை விழுந்தால் கைதட்டல் இல்லை, ஹாரன்! முதல் தடவை நான் துள்ளிக் குதித்து ஓரமாக ஒதுங்கினேன். சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றார் ஒருவர். அறுபதை நெருங்கும் வயது, தூண் மாதிரி கழுத்து, காது இரண்டும் கசங்கிப்போன இட்லி. பழைய ஆட்டக்காரர் என்பதற்கு அந்தக் காதே சர்ட்டிபிகேட்.

பேச்சுக் கொடுத்தேன். பால் பண்ணை வைத்திருக்கிறார். இங்கே பசு கன்று போடும் காலமும் இந்தப் போட்டி ஆரம்பிக்கும் காலமும் ஒன்றுதான், ஆகஸ்ட்.

"எந்தப் புண்ணியவான் காலண்டர் போட்டானோ! விடிகாலை நாலு மணிக்குக் கறந்துட்டு பஸ் ஏறுவோம். புல்லரோட மேட்ச்னா கடலைத் தாண்டித் தென் தீவுக்குப் போகணும்" என்றார்.

"ஹார்ட்லேண்ட் டீமுக்கு உங்களை எடுத்தாங்களா?"

"ஒரே ஒரு வருஷம். போன் வந்தப்ப கொட்டில்ல இருந்தேன். சந்தோஷம் அப்புறம்தாங்க வந்தது. முந்நூறு மாட்டை யார் கறக்கறதுங்கிற கவலைதான் முதல்ல வந்தது."

வேலித் தகராறில் ரெண்டு வருஷமாகப் பேசாத பக்கத்துப் பண்ணைக்காரர் தானாக வந்து ஒரு வாரம் கறந்து கொடுத்திருக்கிறார். அடுத்த வருஷம் அவருக்குக் காலில் ஆபரேஷன். இவர் ஆறு வாரம் கறந்தாராம். "வட்டியோட கட்டிட்டேன்" என்றார்.

நம் ஊரில் நன்றாக ஆடினால் பேங்கில் வேலை கிடைத்த காலம் உண்டு. அங்கே தலைகீழ். ஆடுவதற்காக வேலையில் லீவு சொல்லவேண்டும். மேலே போக முடியாதவர்களுக்கு ஆறுதல் பரிசு என்று சிலர் இந்த டீமைக் கிண்டல் செய்யலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊரை விட்டுப் போகாமல் இருந்தவர்களில் யார் சிறந்தவன் என்று நாடு கேட்கிற ஒரே இடம் இதுதான். இன்னும் நாலு மேட்ச் கொடுத்தால் குறைந்தா போய்விடும்?

ஆனால் ஆள்தான் குறைந்துகொண்டே வருகிறது. அவர் சின்ன வயதில் ஆடிய கிளப் இப்போது இல்லை, இன்னொன்றோடு சேர்ந்துவிட்டது. போதாததற்கு வெளியிலிருந்து கடன் ஆட்டக்காரர்களை வாங்கிக்கொள்ள ரூல் இருக்கிறது.

"அதோ, முட்டியில கட்டுப் போட்டிருக்கானே, அவன் என் பையன்" என்று மைதானத்தைக் காட்டினார். பகலில் தச்சு வேலை, காலையும் மாலையும் அப்பாவோடு கறவை. இந்த வருஷம் ஹார்ட்லேண்ட் லிஸ்டில் பெயர் வரும் என்று ஊரில் பேச்சு.

ஆட்டம் முடிய பத்து நிமிஷம். கிங் கன்ட்ரி இரண்டு பாயிண்ட் பின்னால். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பாக்கெட்டிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தார்.

"என்னங்க, இந்த நேரத்துல கிளம்பறீங்க?"

"சாயங்காலக் கறவை. முறைப்படி இன்னிக்கு அவன்தான் கறக்கணும்" என்றார். "ஜெயிச்சா ஹாரன் சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும்."