இலக்கும் இன்சுலினும்

பினாங்கு, கெடா, பெர்லிஸ் மூன்று மாநிலங்களுக்கும் நான் விற்பனை மேலாளர். மருத்துவமனைப் பரிசோதனைக் கூடங்களில் இரத்தம் பரிசோதிக்கும் கருவியைப் பெரும்பாலும் விலை வாங்காமலே வைத்துவிடுவோம். ஒவ்வொரு பரிசோதனைக்கும் செலவாகும் ரீஏஜண்ட் திரவத்தில்தான் எங்கள் வருமானம்.

எனக்கு அதிகம் விற்பது, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்கானது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு. நம் இந்தியர்களிடையே இன்னும் அதிகம். மாத இலக்கை எட்டினால் தலைமையகம் பாராட்டுகிறது. வீட்டில் அம்மா இன்சுலின் போட்டுக்கொள்கிறார். இரண்டும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள்.

ஆனாலும் பரிசோதனை கூடுவதில் எனக்கு வருத்தமில்லை. தெரிந்த சர்க்கரைக்கு மருந்து உண்டு. தெரியாத சர்க்கரைதான் காலையே எடுக்க வைக்கும். முப்பதைத் தாண்டியவரா? என் இலக்குக்காக அல்ல, உங்கள் காலுக்காக ஒருமுறை கிளினிக் போய் வாருங்கள்.