மாவுக்கட்டு பிரித்த பிறகு

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் வழியில், விக்கிரவாண்டி தாண்டியதும் வரும் ஊர் முண்டியம்பாக்கம். சர்க்கரை ஆலையும், 2010-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும் அங்கேதான். இந்த வட்டாரத்தில் கைகள் எப்படிக் கெடுகின்றன என்பதை வயலில் நின்றே பார்க்கலாம். கரும்பை இடது கையால் பிடித்து, வலது கையால் அடியோடு வெட்டுகிறார்கள். கத்தி தப்பினால் இறங்குவது இடது விரல்களில்தான். நெடுஞ்சாலையில் விழுந்தவர்களின் மணிக்கட்டு முறிவு, சர்க்கரை நோயாளிகளின் இறுகிய தோள், பக்கவாதத்தில் விழுந்த கை எல்லாம் இதோடு சேரும். அவசர சிகிச்சைக்கு இன்று ஓரளவு வழி இருக்கிறது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம், 2021 டிசம்பரில் பக்கத்து மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது. புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. கை அறுவை சிகிச்சைக்குப் பேர்போன ஸ்டான்லி மருத்துவமனை சென்னையில் இருக்கிறது. என் கேள்வி அதற்குப் பிறகு வரும் பன்னிரண்டு வாரங்களைப் பற்றியது. தைத்த கை வேலை செய்யுமா, சும்மா தொங்குமா என்பது அந்த வாரங்களில்தான் முடிவாகிறது. அவற்றில் பாதிக்கு மேல் கைபேசி வழியாகவே நல்லபடியாக நடத்தலாம் என்பது என் கட்சி. அதற்குச் சில நிபந்தனைகளும் உண்டு.

அந்த வாரங்களில் கையை மறுபடி வேலைக்குப் பழக்குபவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். நம் ஊரில் எல்லாரையும் ‘பிசியோ’ என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். உள்ளங்கைப் பக்கத் தசைநாண் அறுந்து தைக்கப்பட்ட ஒருவருக்கு ஸ்பிளின்ட் செய்வதைப் பார்த்தால் இது எத்தனை நுட்பமான கைத்தொழில் என்று புரியும். தெர்மோபிளாஸ்டிக் தகட்டை 65, 70 டிகிரி வெந்நீரில் போட்டால் துணிபோலத் துவளும். துடைத்து, சூடு தாங்குகிறதா என்று தன் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, நோயாளியின் புறங்கையில் படியவைக்க வேண்டும். மணிக்கட்டும் விரல்களின் அடிமூட்டும் மடங்கியிருக்க வேண்டும், நுனி மூட்டுகள் நேராக இருக்க வேண்டும். தகடு இறுகச் சில நிமிடங்களே ஆகும். தைத்த தசைநாணை அசைக்காமலே வைத்தால் சுற்றியுள்ள தழும்போடு ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டு இழுத்தால் தையல் அறுந்துபோகும். இந்த இரண்டுக்கும் நடுவில், எந்த வாரம் எவ்வளவு மடக்கலாம் என்று படிப்படியாக ஏற்றிக்கொண்டு போவதுதான் தொழில். 1948-இல் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்திய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், அறுவைக் கூடத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 1951-இல் நவஜீவ நிலையம் அமைத்து, திருத்திய கைகளுக்கு அங்கே மரவேலை பழக்கினார்.

மரக்காணம் உப்பளத்தில் கூலிக்குப் போகும் பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது என்று வைத்துக்கொள்வோம். திண்டிவனம் வந்து பஸ் மாறி முண்டியம்பாக்கம் போக அரை நாள், திரும்ப அரை நாள். அவர் கூலி போகும், துணைக்கு வருபவர் கூலியும் போகும். மாவுக்கட்டைப் பிரித்த பிறகு ஒருமுறை போவார், இரண்டாம் முறை போவார், அதற்குமேல் போகமாட்டார். வீங்கிய விரல் அப்படியே இறுகும். பிறகு ‘புத்தூர் கட்டு’ பலகை மாட்டிய எலும்பு வைத்தியக் கடையில் எண்ணெய் போட்டு உருவிவிடச் சொல்வார். இதைப் படிப்பறிவுக் குறை என்று மருத்துவர்கள் சொல்லும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கணக்குப் போட்டுத்தான் அவர் நிறுத்துகிறார். ஆகவே வருகைகளைப் பிரிக்க வேண்டும். ஸ்பிளின்ட் செய்ய, தையல் பிரிக்க, உணர்ச்சி குறைந்த விரலைச் சோதிக்க நேரில் வந்தே ஆக வேண்டும். மற்றவை பார்ப்பது, எண்ணுவது, திருத்துவது, அடுத்த படியைச் சொல்வது. கோணமானி இல்லாவிட்டாலும் விரலை மடக்கச் சொல்லி, நுனிக்கும் உள்ளங்கை ரேகைக்கும் இடையிலான தூரத்தைப் பள்ளிப் பிள்ளையின் அளவுகோலால் அளந்துவிடலாம்; கேமரா பக்கவாட்டில், கை மட்டத்தில் இருந்தால் போதும்.

இதற்கு ஆதாரம் உண்டா? 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பக்கவாதத்தால் கை பலவீனமான 124 பேர் இரண்டு பிரிவாகப் பயிற்சி பெற்றார்கள்: ஒரு பிரிவு மருத்துவமனையில், இன்னொரு பிரிவு வீட்டிலிருந்தபடி திரை வழியாக. இரு பிரிவுக்கும் 70 நிமிட அமர்வுகள் 36. கை அசைவை 66 புள்ளிகளுக்கு அளக்கும் அளவையில் மருத்துவமனைப் பிரிவு சராசரியாக 8.36 புள்ளி ஏறியது, வீட்டுப் பிரிவு 7.86. பெரிய வித்தியாசமில்லை. ஆனால் இதன் பக்கத்தில் இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் நடந்து 2017-இல் வெளியான ‘அட்டெண்ட்’ ஆய்வையும் வைத்துப் படிக்க வேண்டும். பக்கவாத நோயாளியின் குடும்பத்தாருக்கே பயிற்சி கற்றுக்கொடுத்து வீட்டில் தொடரச் செய்தார்கள். ஆறு மாதம் கழித்து, இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தே இருந்தவர்களும் சேர்ந்து, இந்தப் பயிற்சி பெற்ற பிரிவிலும் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற பிரிவிலும் 47 சதவீதம்; பலன் ஒன்றுமில்லை. இரண்டையும் சேர்த்து நான் படிக்கும் விதம் இது: திரையா நேரா என்பதைவிட, எத்தனை முறை, எவ்வளவு நேரம், தேர்ந்தவர் கண்காணிக்கிறாரா என்பதே பெரிது. அமெரிக்க வீடுகளுக்குக் கணினியும் கருவிகளும் இலவசமாகப் போயின, பாதி அமர்வுகளைத் தெரபிஸ்டே நடத்தினார். ஒரு வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ‘தொலைமருத்துவம் செய்தோம்’ என்று கணக்குக் காட்டினால் அது ‘அட்டெண்ட்’ ஆய்வைவிட மோசமாகத்தான் முடியும்.

தொடாமல் எப்படிச் சிகிச்சை என்பது முதல் ஆட்சேபம், நியாயமானதும்கூட. வீக்கத்தின் கெட்டித்தன்மை, மூட்டு முரண்டுபிடிக்கும் விதம், சூடு இவை திரையில் தெரியாது. வலி மிஞ்சி, கை நிறம் மாறினால் உடனே நேரில் வரச் சொல்லும் ஒழுங்கு இல்லாமல் இதைத் தொடங்கவே கூடாது. ஆனால் மருத்துவமனைக்குத் தெரியாத ஒன்றைத் திரை காட்டும்: வீடு. அடிபம்பின் கைப்பிடி எவ்வளவு உயரம், குடத்தை எந்தக் கையால் தூக்குகிறார், அடுப்பு தரையிலா மேடையிலா. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து அழுத்தப் பழக்குவதற்கு இந்தப் பக்கத்து வீட்டில் மல்லாட்டை (நிலக்கடலை) உரிப்பதைவிட நல்ல கருவியை நான் கண்டதில்லை. ஒரு படி உரித்து முடித்தால் பயிற்சியும் ஆகும், வேலையும் ஆகும். இன்னொரு ஆட்சேபம் கடுமையானது: பணக்காரருக்குத் தெரபிஸ்டின் கை, ஏழைக்குத் திரை என்று ஆகிவிடாதா? ஆகலாம். நேர்வருகையைக் குறைத்துச் செலவை மிச்சம்பிடிக்க அரசு இதைக் கையிலெடுத்தால் அப்படித்தான் ஆகும். மரக்காணத்துப் பெண்ணுக்கு இன்று கிடைப்பது இரண்டு வருகை. அந்த இரண்டையும் காப்பாற்றி, மேலே பத்துத் திரைச் சந்திப்பைச் சேர்த்தால்தான் நான் சொல்வதற்கு அர்த்தம்.

கைபேசி மகனிடம் இருக்கிறது, அவர் ஒரகடத்தில் ஷிப்ட் வேலையில் இருக்கிறார் என்பதும் உண்மை. அதனால்தான் நோயாளி கையில் செயலியைத் திணிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறை மருத்துவரை ஏற்கெனவே வீட்டு வாசலுக்கு அனுப்புகிறது. அவர் கையில் கைபேசி இருக்கட்டும், மறுமுனையில் கை மறுவாழ்வில் தேர்ந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இருக்கட்டும். தொடும் கை ஒன்றும் அங்கேயே இருக்கும். தென்காசி ஆய்க்குடி அமர் சேவா சங்கம், மாற்றுத்திறன் குழந்தைகளுக்காகக் கிராமப் பணியாளரையும் தெரபிஸ்டையும் ஒரு செயலியால் இணைத்து இப்படித்தான் வேலை செய்கிறது. சட்டத்தில்தான் இடைவெளி. 2020 மார்ச் 25-இல் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் பதிவுபெற்ற மருத்துவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளைத் தனித் தொழிலராக ஏற்ற துணைநிலை மருத்துவத் தொழில்கள் சட்டம் 2021-இல்தான் வந்தது. திரை வழி ஆலோசனை தவறினால் யார் பொறுப்பு என்பதை மாநில அளவில் எழுதிவைக்காமல் எந்தத் தெரபிஸ்டும் துணியமாட்டார். விழுப்புரம் மாவட்டத்தின் 13 ஒன்றியங்களுக்கும் சேர்த்துத் திண்டிவனத்தில் ஓர் அறை, ஒரு வெந்நீர்த் தொட்டி, நிரந்தரப் பணியிடத்தில் இரண்டு ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் என்று தொடங்கலாம். முதலில் மணிக்கட்டு முறிவும் இறுகிய தோளும் மட்டும். அவற்றில் தவறினாலும் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். தசைநாண் தையலை, நேரில் வரவழைக்கும் ஒழுங்கு சரியாக ஓடுகிறது என்று தெரிந்த பிறகு சேர்க்கலாம்.