பறவை வேட்டைக்கு ஒரு நாய்க்குட்டி

வேட்டைநாய் என்றதும் பாய்ச்சலும் பல்லுமே நம் நினைவுக்கு வருகின்றன. பன்றிக்கும் உடும்புக்கும் ஏவப்படும் வன்னி நாய்களைக் கண்டு வளர்ந்தோர்க்கு அவ்வாறு தோன்றுவது இயல்பே. பறவை வேட்டைக்குரிய நாயின் கல்வி வேறு வகைப்பட்டது. பறவையின் மணமறிந்ததும் அசையாது நின்று திசைகாட்டும் பொயின்ரராயினும், சுடப்பட்டு வீழ்ந்ததை இறகு குலையாமற் கௌவிக் கொணரும் றிற்றீவராயினும், அது முதன்மையாகக் கற்க வேண்டியது அடங்கி நிற்றலையே.

இதில் எனக்கு ஈடுபாடு உண்டாக்கியவர் என் அப்பப்பா. 1960களின் இறுதியில் இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல்களில் உள்ளான் சுட்டவர் அவர். வட ஆசியாவிலிருந்து புரட்டாதி, ஐப்பசியில் வந்திறங்கும் அப்பறவையின் கபிலக் கோடுகள் சேற்றோடும் அரிதாளோடும் ஒன்றிவிடும். சுடுவதைவிட விழுந்ததைக் கண்டெடுப்பதே கடினம் என்பார். போர்க்காலத்தில் துவக்குக் கைவிட்டுப் போயிற்று, ஆசை போகவில்லை. லபிரடோர்க் கலப்புக் குட்டியொன்று ஏழு வார வயதில் வீட்டிற்கு வந்தபோது, பழக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்.

குட்டிக்கு ஆறு மாதமாவது ஆகட்டும் என்று காத்திருப்பது பழைய வழக்கம். ஸ்கொற், புல்லர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1965 இல் வெளியிட்ட ஆய்வோ, ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரையான காலமே குட்டி பிறரோடு உறவுகொள்ளப் பழகும் பருவம் எனக் காட்டிற்று. ஆகவே வந்த கிழமையே தொடங்கினோம். உணவு வைக்கும் வேளையில் விசில் ஊதினேன். அது உண்ணும்போது தங்கை தூரத்தே தகரம் தட்டினாள். நாளடைவில் அருகே வந்து தட்டினாள். வெடியோசைக்கு அஞ்சும் நாய் எவ்வளவு கெட்டிக்காரனாயினும் வேட்டைக்கு உதவாது.

தும்பு அடைத்த துணிப்பொட்டலத்தில் புறா இறகு கட்டி, ஒடுங்கிய விறாந்தையில் எறிந்தோம். எடுத்த குட்டி வேறெங்கும் ஓட வழியின்றி என்னிடமே திரும்பியது. நாளுக்கு மூன்று எறிதல்; அது இன்னும் வேண்டுமென நிற்கையிலேயே நிறுத்திவிடுவோம். பொட்டலத்தைப் பிடித்திழுத்து விளையாடலாகாது, வாய் கடினப்பட்டுவிடும். பாற்பற்கள் விழும் நான்காம், ஐந்தாம் மாதங்களில் எறிவதையே விட்டோம். அப்போது வாய் நொந்தால் கௌவுதலையே அது வெறுக்கக்கூடும்.

எல்லாவற்றிலும் அரிய பாடம் 'இரு' என்பது. பொட்டலம் காற்றிற் பறந்து விழும். குட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். பலமுறை நானே நடந்துபோய் எடுத்து வந்தேன். விழுவதெல்லாம் தனக்குரியதன்று என அது அறிவதற்கு இதுவே உபாயம். முதல் நாட்களில் அதன் உடல் முழுவதும் நடுங்கும். அந்த நடுக்கத்தைக் கண்டபின், இது வெறும் விளையாட்டென்று என்னால் எண்ண முடியவில்லை.

ஏனெனில் இந்த நாய் ஒருபோதும் உள்ளானைக் கௌவப்போவதில்லை. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் நம் நாட்டுப் பறவைகளிற் பெரும்பாலானவற்றுக்குக் காவலாயுள்ளன. அது நன்றென்றே நான் கருதுகின்றேன். அப்பப்பாவும் சட்டத்தைக் குறைகூறவில்லை. அவருடைய மனத்தாங்கல் நாயைப் பற்றியது. "பசியைக் கிளப்பிவிட்டுச் சோறு குடாமல் விடுறது போலக் கிடக்குது, தம்பி" என்றார்.

எறிந்ததை எடுத்து வருவதிலேயே நாய் நிறைவடைகின்றது என வாதிட்டேன். பழக்கியவன் நான் ஆதலால் எனக்கு அப்படித்தான் தோன்றும் என்றார் அவர். நாயைக் கேட்டறிய வழியில்லை.

கடந்த ஐப்பசியில் மூவரும் வரப்பில் நடந்தோம். காலடியிலிருந்து உள்ளானொன்று கரகரத்த ஒலியோடு எழுந்தது. நான் வாய் திறக்குமுன்னரே நாய் அமர்ந்துவிட்டது. பறவை வாய்க்காலுக்கு அப்பால் மறையும்வரை அதன் தலை மட்டும் திரும்பிக்கொண்டிருந்தது. பின்னர் என்னைப் பார்த்தது. அப்பப்பா குனிந்து அதன் காதைத் தடவிவிட்டு முன்னே நடந்தார்.