தோசைக்கல்லுக் கோழியும் டெர்ரிப் பெட்டைகளும்

எங்கட அறையில் நாலு பேர், அடுப்பு ஒன்று. வீட்டுக்கார அன்ரி கறி காய்ச்ச வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் தாளித்த மணம் மாடிப்படியால் இறங்கிக் கீழே போய்விட்டால் அடுத்தநாள் காலை அவவின் முகம் வேறமாதிரி இருக்கும். தேங்காய்ப்பாலும் தூளும் இல்லாத, அரை மணித்தியாலத்தில் முடிகிற ஒரு கோழியை நாங்கள் பழகிக்கொண்டது இப்படித்தான்.

பழக்கியவள் எங்கட ஹட்டன்காரி. அவளுடைய அப்பா கனகாலம் கொழும்பில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்தவர். செய்முறை இதுதான்: எலும்பில்லாத நெஞ்சுத்துண்டு இரண்டு வாங்கி, ஒவ்வொன்றையும் குறுக்காக இரண்டு தகடாக வெட்டவேண்டும். மேலே ஒரு ஷொப்பிங் பையைப் போட்டுத் தண்ணீர்ப் போத்தலால் தட்டி எல்லா இடமும் ஒரே தடிப்பாக்க வேண்டும். பிறகு ரிசுவால் ஈரத்தை ஒற்றி எடுக்கவேண்டும். இதைத்தான் நாங்கள் முதலில் பகிடி பண்ணினோம், ஆனால் ஈரம் இருந்தால் கோழி சுடுபடாது, அவியும். உப்பு, மிளகுத்தூள், கொஞ்ச எண்ணெய். எண்ணெயைக் கல்லில் ஊற்றாமல் இறைச்சியில் தடவவேண்டும். கல்லில் தண்ணீர் தெளித்தால் துளி உருண்டு ஓடவேண்டும், அந்தச் சூட்டில் போட்டு நாலு நிமிடம் தொடக்கூடாது. ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம், ஆனதும் அதுவாகவே கல்லை விடும். திருப்பி மூன்று நிமிடம். இறக்கி ஐந்து நிமிடம் ஆறவிட்டு, தேசிக்காய் பிழிந்து, பாணோடு சாப்பிடலாம்.

கோழி ஹலால் கடையில்தான் வாங்குவோம், இல்லாவிட்டால் காத்தான்குடிக்காரி பாணை மட்டும் தின்னவேண்டி வரும். தோசைக்கல்லு யாழ்ப்பாணக்காரியின் அம்மா கொடுத்துவிட்டது. அவ சுத்த சைவம். அந்தக் கல்லில் இப்ப என்ன சுடுகிறோம் என்பது அவவுக்குத் தெரியாது, இதை வாசிக்கமாட்டா என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறோம்.

கோழி சுடுகிற இரவுகளில் லப்டொப்பை அரிசி வாளிக்கு மேலே வைத்து ‘டெர்ரி கேர்ள்ஸ்’ பார்ப்போம். மட்டக்களப்புக்காரியின் பென்ட்ரைவில் மூன்று பருவமும் இருந்தது. டெர்ரி நகரத்தைச் சேர்ந்த லிசா மக்கீ எழுதி, 2018 முதல் 2022 வரை சனல் 4இல் போன தொடர். தொண்ணூறுகளில், குண்டுகளுக்கும் இராணுவச் சோதனைகளுக்கும் நடுவில், கத்தோலிக்கப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கிற நாலு பெட்டைகளும் ஒரு பெடியனும். எழுத்து ஓடாவிட்டால் ஒரு வசனமும் விளங்காது, அவர்களுடைய இங்கிலிஷ் அப்படி.

முதல் சண்டை அந்தப் பெடியனால் வந்தது. ஜேம்ஸ் இங்கிலாந்தில் வளர்ந்தவன். பெடியன்களின் பள்ளிக்கூடத்துக்கு விட்டால் இங்கிலிஷ்காரன் என்று அடிப்பார்கள் என்ற பயத்தில் பெட்டைகளோடு சேர்த்துவிடுகிறார்கள். கனபேருக்கு அவன் இங்கிலிஷ்காரன்தான். இரண்டாம் பருவத்தின் கடைசியில் அவன், தானும் ஒரு டெர்ரிப் பெட்டைதான் என்று கத்துவான். எங்களில் இரண்டு பேருக்குக் கண் கலங்கிவிட்டது. யாழ்ப்பாணக்காரி மட்டும், “அவன் சொன்னா சரியோ? அவையளெல்லோ சொல்லவேணும்?” என்றாள்.

“சரி, அவையள் ஆர்? ஐரிஷா, பிரிட்டிஷா?” என்றாள் மட்டக்களப்புக்காரி. அதுவரைக்கும் இதை ‘அயர்லாந்து நாடகம்’ என்று மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அயர்லாந்துத் தீவில் 32 கவுண்டிகள். 1921இல் தீவைப் பிரித்தபோது வடக்கில் ஆறு ஐக்கிய இராச்சியத்தோடு நின்றுவிட்டன. டெர்ரி அந்த ஆறுக்குள், ஆனால் எல்லைக்குப் பக்கத்திலேயே இருக்கிற கத்தோலிக்கப் பெரும்பான்மை நகரம். பேரிலேயே சண்டை: பிரித்தானியாவோடு நிற்க விரும்புகிறவர்கள் அதை லண்டன்டெர்ரி என்பார்கள். ரக்பிக்கு முழுத் தீவுக்கும் ஒரே அணி, உதைபந்தாட்டத்துக்கு இரண்டு. கிளேராக நடிக்கிற நிக்கோலா கொக்லன் எல்லைக்குத் தெற்கே கோல்வேயைச் சேர்ந்தவர் என்று தெரிந்ததும் யாழ்ப்பாணக்காரிக்குப் பெரிய சந்தோசம்: “பாத்தியளே, அவளே டெர்ரிப் பெட்டை இல்லை!”

நாங்கள் எல்லோரும் முதலில் போய் நின்றது மொழியில்தான். தமிழ்ப் பிள்ளைகள், வேறெங்கே போவோம்? ஐரிஷ் மொழி பேசாமல் எப்படி ஐரிஷ்? இந்தப் பெட்டைகள் பேசுவது, கனவு காண்பது, சண்டை பிடிப்பது எல்லாம் இங்கிலிஷில். தெற்கிலும் ஐரிஷ் முதலாவது அரசகரும மொழி, ஆனால் பெரும்பாலானவர்களின் வீட்டுமொழி இங்கிலிஷ்தான். அப்ப மொழியை இழந்த சனத்துக்கு இனம் இல்லையா என்று கேட்டதும், காத்தான்குடிக்காரி பாணுக்கு மார்ஜரின் பூசிக்கொண்டே சொன்னாள்: “நான் பொறந்ததிலருந்து தமிழ்தான் பேசுறன். என்னைத் தமிழர் எண்டு போடுவீங்களா? நானும் போடமாட்டன். அப்ப மொழிய விட்டுட்டு வேற சொல்லுங்க.” வேறெதுவும் உடனே எங்களுக்கு வரவில்லை.

சமயம் என்றாள் ஒருத்தி. தொடரில் அதற்கும் ஒரு காட்சி இருக்கிறது. கத்தோலிக்க, புரொட்டஸ்தாந்துப் பிள்ளைகளை ஒன்றாகக் கூட்டிப்போய், உங்களுக்குள் என்ன ஒற்றுமை, என்ன வேற்றுமை என்று பாதிரியார் கேட்பார். வேற்றுமைப் பலகை நிரம்பி வழியும், ஒற்றுமைக்கு ஒன்றும் அகப்படாது. வேற்றுமைகளில் ஒன்று, புரொட்டஸ்தாந்துக்காரர் ரோஸ்டரை அலுமாரிக்குள் வைப்பார்கள் என்பது! அந்தக் கரும்பலகை பிறகு பெல்பாஸ்டில் அல்ஸ்டர் அருங்காட்சியகத்துக்கே போனது. சிரித்துச் சிரித்துக் கோழியை மறந்துவிட்டோம், ஹட்டன்காரிதான் அடுப்பைப் பார்த்தாள்.

அந்தக் கிழமை முழுக்க இதே கதை. நூலகத்தில் அரசியல் விஞ்ஞானப் பக்கம் போய்த் தேடினோம். (அசைன்மென்றுக்கு இப்படித் தேடியிருந்தால் எங்கேயோ போயிருப்போம்.) 1998 ஏப்ரல் 10ஆம் திகதிய பெரிய வெள்ளி உடன்படிக்கையில் ஒரு வரி இருக்கிறது. வடக்கு அயர்லாந்து மக்கள் தங்களை ஐரிஷ் என்றோ, பிரித்தானியர் என்றோ, இரண்டும் என்றோ தாங்களே தெரிவு செய்துகொள்ளலாம், அது அவர்களின் பிறப்புரிமை. ‘இரண்டும்’ என்ற சொல்லை எங்களுக்கு நம்ப முடியவில்லை. எத்தனையோ ஆண்டு ஆளை ஆள் சுட்டுக்கொண்ட பிறகு இப்படி எழுதியிருக்கிறார்கள். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 31.9 வீதம் பிரித்தானியர் மட்டும், 29.1 வீதம் ஐரிஷ் மட்டும், 19.8 வீதம் ‘வடக்கு ஐரிஷ்’ மட்டும். மிச்சப்பேர் கலவையாகவும் வேறாகவும் பதிந்திருக்கிறார்கள்.

ஆனால் எழுதினால் மட்டும் போதாது. எம்மா டிசூசா என்ற வடக்கு அயர்லாந்துப் பெண், 2015இல், தன்னுடைய அமெரிக்கக் கணவருக்கு வதிவிட அட்டை எடுக்க ஐரிஷ் பிரஜையாக விண்ணப்பித்தார். பிரித்தானிய உள்துறை அமைச்சு, 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் பிறப்பாலேயே பிரித்தானியர், வேண்டாமென்றால் அதைத் துறந்துவிட்டு வாருங்கள் என்றது. இல்லாத ஒன்றை எப்படித் துறப்பது? துறந்தால் இருந்தது என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே. 2019இல் மேல் தீர்ப்பாயத்தில் அவர் தோற்றார். 2020இல் குடிவரவு விதியை அரசாங்கம் மாற்றியது, சட்டம் அப்படியேதான் இருக்கிறது.

அடுத்த கோழி இரவில்தான் எங்கட பிழை நடந்தது. தெற்கின் கதைக்கு வந்திருந்தோம். அங்கே மண்ணில் பிறந்தாலே குடியுரிமை என்றிருந்ததை, 2004இல் ஒரு வாக்கெடுப்பில் 79 வீதம் பேர் மாற்றினார்கள். அதற்குப் பிறகு பிறக்கிற பிள்ளைக்குப் பெற்றோரின் கணக்கும் பார்க்கப்படும். சரியா பிழையா என்று வாக்குவாதம். “பிறந்தா மட்டும் காணுமோ, வேர் எண்டு ஒண்டு இருக்குத்தானே” என்றது எங்களில் ஒருத்தி. மற்ற இரண்டு பேரும் ஓம் என்று தலையாட்டினோம். இதை மறைக்கத் தேவையில்லை.

அடுப்புப் பக்கம் நின்றவள் திரும்பினாள். கையில் அகப்பை.

“என் பெர்த் சர்ட்டிபிகேட்ல இந்தியத் தமிழர்னு போட்டிருக்கு. நான் இந்தியாவ படத்துல மட்டுந்தான் பாத்திருக்கேன். பாட்டி இங்க லயத்துலதான் பொறந்தாங்க. நாப்பத்தெட்டாம் ஆண்டுச் சட்டத்துல அவங்க அப்பா பொறந்த சர்ட்டிபிகேட் கேட்டாங்களாம். அவங்களுக்குக் குடியுரிமை கெடைச்சது ரெண்டாயிரத்து மூணுக்குப் பின்னாடி. வேர்னா எத்தன அடி தோண்டணும்? அளவு சொல்லுங்க.”

ஒருவருக்கும் வாய் வரவில்லை. 1948ஐயும் 2003ஐயும் பரீட்சைக்காகப் பாடமாக்கியவர்கள்தான் நாங்கள். ஒன்றரை வருசமாக ஒரே அறையில் படுத்து எழும்புகிறோம், நீ உன்னை என்னவென்று சொல்லுவாய் என்று அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை. ‘ஹட்டன்காரி’ என்று நாங்கள் வைத்த பேரோடு அவள் இருந்தாள். ஹட்டன் அவளுடைய ஊரே இல்லை. ஹட்டனிலிருந்து பஸ் ஏறி இன்னும் ஒரு மணித்தியாலம் போகவேண்டும்.

கரி மணம் வந்தது. நாலு துண்டும் ஒரு பக்கம் கருகிவிட்டன. அன்ரி கீழேயிருந்து கதவைத் திறக்கிற சத்தம் கேட்டு யன்னலைத் திறந்தோம். கருகினதைக் கத்தியால் சுரண்டிவிட்டுச் சாப்பிட்டோம். தேசிக்காய் கூடப் பிழிந்தோம். பாதி சாப்பிட்ட பிறகு காத்தான்குடிக்காரிதான் கேட்டாள்: “சரி புள்ள, நீ என்னன்னு சொல்லுவா?”

“மலையகத் தமிழர்” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “இலங்கைன்னும் சொல்லுவேன். ரெண்டும்” என்றாள்.

மன்னிப்பு என்று ஒருத்தரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. பாத்திரம் கழுவ அவளுடைய முறை, அன்றைக்கு நாங்கள் கழுவினோம். அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடப் பழகுகிறோம், இன்னும் வாய் தவறுகிறது. தவறினால் அகப்பையைத் தூக்கிக் காட்டுவாள்.

போன கிழமை கடைசி அத்தியாயம் பார்த்தோம். பெரிய வெள்ளி உடன்படிக்கைக்கு எல்லோரும் வோட்டுப் போடப் போவதோடு தொடர் முடிகிறது. 1998 மே 22இல் வடக்கில் 71 வீதம் பேர் ஆம் என்றார்கள். யாழ்ப்பாணக்காரி உடனே, “அப்ப 29 வீதம்?” என்றாள். சண்டை திரும்பத் தொடங்கியது. இந்தமுறை அடுப்பை நிற்பாட்டிவிட்டுத்தான் வந்து இருந்தோம்.