நாமக்கல்லில் ஒரு பல்பு வைத்தியர்

நாமக்கல்லுக்குப் போகிறவர்கள் ஒன்று, ஆஞ்சநேயரைப் பார்க்கப் போவார்கள். இல்லாவிட்டால் லாரி விஷயமாகப் போவார்கள். நான் முதலாவதற்காகப் போய் இரண்டாவதில் மாட்டிக்கொண்டேன்.

மேலே கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கும் 18 அடி ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், என் மச்சினன் லாரியோடு நிற்கிறான். சொந்த லாரி. முதலாளியும் அவனே, டிரைவரும் அவனே!

"ஏறுங்க மாமா. ஒரு பல்பு மாத்தணும். பத்தே நிமிஷம்!"

அந்தப் பத்து நிமிஷம் மூன்று மணி நேரம் ஓடியது.

ஊரை ஒட்டிய ரோடு முழுக்கப் பட்டறைகள்தான். வெறும் சேஸிஸாக வந்து, பாடி கட்டி, பெயிண்ட் அடித்து, பொட்டு வைத்துக்கொண்டு மணப்பெண் மாதிரி கிளம்புகின்றன லாரிகள். அங்கே ஒரு தகரக் கொட்டகையில் இருந்தார் எலக்ட்ரீஷியன். ஐம்பது வயதிருக்கும். காதில் பென்சில், கையில் இரண்டு ஒயர் வைத்த ஒரு பல்பு.

"டெயில் லைட் மங்கலா எரியுதுங்கண்ணா. மூணு பல்பு மாத்திட்டேன். இண்டிகேட்டர் போட்டா, கூடவே அதுவும் சேர்ந்து கண்ணடிக்குது" என்றான் மச்சினன்.

அவர் பல்பைத் தொடவே இல்லை. "எப்ப இருந்துங்க?" என்றார், டாக்டர் மாதிரி.

"எஃப்.சி.க்குப் பெயிண்ட் அடிச்சோம். அதுக்கப்புறம் பத்து இருபது நாள் கழிச்சு..."

"அப்ப சரி" என்று பின்னால் போய்க் குனிந்தார். ஒரு துண்டு ஒயரை எடுத்தார். ஒரு முனை லைட்டின் எர்த் ஒயரில். மறு முனை சேஸிஸில் சுரண்டி வைத்த இடத்தில். பளிச்! டெயில் லைட் புது மாப்பிள்ளை முகம் மாதிரி ஜொலித்தது. கண்ணடிப்பதும் நின்றுவிட்டது.

"பல்புக்கு ஒரு சீக்கும் இல்லீங்க. வந்த கரண்டு திரும்பிப் போறதுக்கு இரும்பு பாடிதான் ரோடு. நீங்க ரோட்டு மேல பெயிண்ட் அடிச்சு அடைச்சுட்டீங்க. நட்டு கொஞ்ச நாள் பெயிண்ட்டைக் கடிச்சுப் பிடிச்சிருக்கு. ஆட்டத்துல லூஸாயிருச்சு. வாசல்ல வழியில்லைன்னா, இண்டிகேட்டர் கரண்டு பக்கத்து வீட்டு வழியாத்தானே போகும்? அதான் டெயில் லைட்டும் சேர்ந்து மினுக்குது."

"ஒயரிங்கில் நூறு கோளாறு வரும்ங்க. முதல்ல எர்த்தைப் பாரு, அப்புறம்தான் பல்பைப் பாருன்னு எங்க வாத்தியார் சொல்லுவாரு" என்றார். லாரிக்கு 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராகக் கோத்து 24 வோல்ட். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள, முறுக்கிய இரண்டு ஒயர் ஓடுகிறதாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த இரண்டுக்கும் நடுவே மீட்டர் வைத்தால் சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் எங்கோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். காதில் பென்சில் வைத்த மனிதர் இதையும் விரல் நுனியில் வைத்திருக்கிறார்!

மச்சினனுக்கோ அவசரம். முட்டை லோடு காத்திருக்கிறது. "இப்போதைக்கு ஒயரைச் சுத்தி விடுங்கண்ணா, வந்து பார்த்துக்கலாம். முந்தாநாள் ராத்திரி தொப்பூர் இறக்கத்துலகூட இப்படியேதான் வந்தேன். ஒரு பைக்காரன் இடிக்கிற மாதிரி வந்து கிறீச்சுனு நின்னான். அவ்வளவுதான்!"

அவர் சிரிக்கவில்லை. உப்புத்தாள் எடுத்துத் துருவையும் பெயிண்ட்டையும் தேய்த்தார். நட்டை முறுக்கினார். மேலே கிரீஸ் தடவினார். அதோடு விடாமல், பின்பக்கத்து எர்த் ஒவ்வொன்றையும் கழற்றிப் பார்த்தார். நன்றாக இருட்டிவிட்டது. "லைட்டைப் போட்டுட்டு நூறு அடி பின்னால நடந்து போய்த் திரும்பிப் பாருங்க தம்பி" என்றார்.

போனான். அவர் சட்டென்று அந்த எர்த்தைக் கழற்றினார். சிவப்பு, கங்காக மங்கியது. மாட்டினார். மறுபடி பளிச்.

திரும்பி வந்தவன் முகத்தில் சுரத்தே இல்லை. "லாரி நிக்கிறதே தெரியலீங்கண்ணா..."

"முன்னால எரியறது உங்களுக்குங்க. பின்னால எரியறது அந்தப் பைக்காரருக்கு."

கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்தான் மச்சினன். அவன் பேரம் பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை!

ஊர் திரும்பியதும் நான் செய்த முதல் காரியம், இருட்டில் என் ஸ்கூட்டருக்குப் பின்னால் போய் நின்று பார்த்ததுதான்.

எரியவில்லை!