பறக்கும் ரயில் மெட்ரோவா, இல்லையா?

சென்னைக்கு மெட்ரோ எப்ப வந்தது? "இதெல்லாம் ஒரு கேள்வியாய்யா, 2015 ஜூன் 29, கோயம்பேடு டு ஆலந்தூர்" என்று பொது அறிவுப் புலிகள் பாய்ந்து வருவீர்கள். சரிதான். ஆனா அதுக்கு இருபது வருஷம் முன்னாடி, 1995-லயே கடற்கரையில இருந்து சேப்பாக்கத்துக்கு ஒரு ரயில் தூண்கள் மேல ஏறி ஓட ஆரம்பிச்சுதே, அது எந்தக் கணக்கு?

நம்ம பறக்கும் ரயிலைத்தான் சொல்றேன். 1997-ல் திருமயிலை, 2004-ல் திருவான்மியூர், 2007-ல் வேளச்சேரி என்று ஆமை வேகத்தில் நீண்டு 19 கிலோமீட்டர் சொச்சம் வந்தது. தரமணி பக்கம் பொட்டி தட்டுகிற என்னை மாதிரி ஜீவன்களுக்கு தினப்படி வாகனம். அதன் அதிகாரபூர்வப் பெயர் எம்.ஆர்.டி.எஸ். சிங்கப்பூரில் 1987-ல் ஓட ஆரம்பித்த எம்.ஆர்.டி.யை எல்லாரும் மெட்ரோ என்று எண்ணுகிறார்கள். இங்கே எம்.ஆர்.டி.எஸ். என்றால் புறநகர் ரயில். ஒரே ஒரு 'எஸ்' கூடுனதுக்கு இப்படி ஒரு தண்டனையா? :-)

சரி, மெட்ரோ என்றால் என்ன? உலக அளவில் சொல்லப்படும் இலக்கணம் சிம்பிள். நகரத்துக்குள் ஓடணும். ரோட்டோடும் மற்ற ரயிலோடும் கலக்காத தனிப் பாதை வேணும், நடுவில் லெவல் கிராஸிங் கூடாது. நிறைய பேரை ஏற்றணும், அடிக்கடி வரணும். அவ்வளவுதான்.

இதைத் தவிர நாமளா மனசுல வச்சிருக்கிற இலக்கணங்கள் சில உண்டு. ஒண்ணொண்ணா பாப்போம்.

பூமிக்கடியில போகணுமா? 2015-ல் திறந்த கோயம்பேடு - ஆலந்தூர் பாதையே முழுக்க மேம்பாலம்தான். சுரங்கம் 2017-ல்தான் வந்தது.

ஏசி வேணுமா? 1984-ல் ஓட ஆரம்பித்த கொல்கத்தா மெட்ரோவுக்கு முதல் ஏசி வண்டி வந்தது 2010-ல். அதுவரைக்கும் அது மெட்ரோ இல்லையா என்ன?

அகலப் பாதை என்பதால் தகுதி இழப்பா? கொல்கத்தாவின் முதல் பாதையும் அகலப் பாதைதான், டெல்லியில் 2002-ல் திறந்த பாதையும் அப்படியே.

ரயில்வே நடத்துவதுதான் பிரச்சினையா? கொல்கத்தா மெட்ரோவை நடத்துவதும் இந்திய ரயில்வேதான். 2010-ல் அதைத் தனி மண்டலமாகவே ஆக்கினார்கள்.

ஆக மிச்சம் இருப்பது ஒண்ணே ஒண்ணு: அடிக்கடி வரணும். அங்கேதான் நம்மாளு மாட்டுறார். ஒரு வண்டியை விட்டுட்டா அடுத்ததுக்கு கால் மணி நேரம், சில வேளை அதுக்கும் மேல. பாலமும் தூணும் மெட்ரோவுக்குக் கட்டியது, டைம் டேபிள் புறநகருக்குப் போட்டது. அதனால நாட்டின் மெட்ரோ நீளம் 1000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டதாக 2025 ஜனவரியில் அறிவித்தபோது, இந்த 19 கிலோமீட்டர் அதில் இல்லை.

கணக்குல குளறுபடி நமக்கு மட்டும் இல்ல. டோக்கியோவில் சுரங்க ரயில் நடத்துவது இரண்டு நிறுவனங்கள், 9 வழித்தடம் ஒருவருக்கு, 4 இன்னொருவருக்கு. அதை ஒரு மெட்ரோ என்பதா, இரண்டு என்பதா? ஊரைச் சுத்தி சில நிமிஷத்துக்கு ஒருமுறை ஓடும் யமனோத்தே வழித்தடம் ஜே.ஆர். நிறுவனத்துடையது என்பதால் இந்த ஆட்டத்திலேயே இல்லை! நியூயார்க்கில் 472 ஸ்டேஷன் என்பார்கள். உள்ளுக்குள்ளயே மாறிக்கொள்ளும் இடங்களை ஒண்ணா எண்ணினால் ஐம்பதுக்குக் கிட்ட குறைஞ்சிடும். உலகத்துல எத்தனை மெட்ரோ, எத்தனை ஸ்டேஷன் என்று யாராவது ஒரே நம்பராக அடித்துச் சொன்னால், எண்ணின விதத்தையும் சேர்த்துக் கேட்டுக்கோங்க.

"பேர்ல என்ன இருக்கு, வண்டி ஓடுனா போதாதா?" என்று சிலர் கேட்கலாம். பேர்லதான் காசு இருக்கு. பறக்கும் ரயிலில் குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய். மெட்ரோவில் 10. பறக்கும் ரயிலை மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பேச்சு பல வருஷமாக உண்டு. அது நடந்து, புது வண்டிகளும் அடிக்கடி வந்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனா மயிலாப்பூரில் ஏறும் பூக்கார அம்மாவுக்கு டிக்கெட் எவ்வளவு என்பதையும் அந்தப் புதுப் பெயர்தான் முடிவு பண்ணும்.

எங்க ஊர்ல இது நடந்தே முடிஞ்சிருக்கு. இரணியல் ஸ்டேஷன் 1979-ல் வந்தது, திருவனந்தபுரம் - கன்னியாகுமரி பாதையில். மாவட்டம் தமிழ்நாட்டில், ரயில்வே கோட்டம் திருவனந்தபுரத்தில். வகைப்படுத்துற குழப்பம் எங்களுக்குப் பிறவியிலேயே உண்டு பாத்துக்கிடுங்க. காலையில் பாசஞ்சரைப் பிடிச்சு திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போய், சாயங்காலம் திரும்புற சீசன் டிக்கெட் கூட்டம் எங்க பக்கம் ஏராளம். தூரம் அறுபது கிலோமீட்டருக்கு உள்ளேதான். சென்னை கடற்கரை - செங்கல்பட்டும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனா அது புறநகர் ரயில், இது சாதா பாசஞ்சர்.

அந்த வித்தியாசம் கொரோனாவில் தெரிஞ்சுது. 2020 மார்ச்சில் நின்ற பாசஞ்சர் வண்டிகள் நாடு முழுக்க திரும்ப ஓட ஆரம்பிச்சப்ப, பெயர் 'சிறப்பு எக்ஸ்பிரஸ்' ஆகியிருந்தது. நிக்கிற ஸ்டேஷன் பழையதுதான், வேகமும் பழையதுதான். குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் 10-ல் இருந்து 30. புறநகர் என்று எழுதியிருந்த சென்னை வண்டிகளுக்கு அதே 5 ரூபாய். அப்ப எங்க சித்தப்பா போன்ல சொன்னது: "ஏ மக்கா, நாகர்கோயிலுக்குப் போக முப்பது ரூவாயாம்லே. வண்டி என்னமோ அதே வண்டிதான், போர்டை மாத்திட்டானுவ."

2024 பிப்ரவரியில்தான் அது மறுபடி 10 ரூபாய்க்கு இறங்கியது. கிட்டத்தட்ட மூணு வருஷம், பேருக்காக மட்டும் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் இருபது ரூபாய் கூடுதல்.

அதனால மக்களே, அடுத்த தடவை 'மெட்ரோ', 'லைட் மெட்ரோ', 'மெட்ரோ லைட்' என்று எந்தப் பேர்ல உங்க ஊருக்கு ரயில் வரப்போகுதுன்னு சொன்னாலும் மூணே கேள்வி கேளுங்க: எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை வரும், மினிமம் டிக்கெட் எவ்வளவு, சீசன் டிக்கெட் உண்டா? உங்க ஊர்ல பேர் மாறி காசு கூடின (குறைஞ்ச கதை இருந்தா ரொம்ப நல்லது!) வண்டி இருந்தா பின்னூட்டத்தில் சொல்லுங்க.