கணக்குப் போடுவது ஏ.ஐ... கணக்குக் காட்டுவது யார்?

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகும் சாலையில் இருக்கிறது பெருநகர். இந்தப் பக்கம் வீடு கட்ட நினைப்பவர் முதலில் போய் நிற்பது மேஸ்திரியிடம்தான். இப்போது அதற்கும் முன்பே செல்போனில் ஏ.ஐ-யிடம் கேட்டுவிடலாம். '30-க்கு 40 மனை. மேலே ஒரு மாடி. தூண் எவ்வளவு, கம்பி எவ்வளவு?' என்று தமிழில் கேட்டாலே போதும். சில நொடிகளில் தூண் அளவு, கம்பிக் கனம், சிமென்ட் மூட்டைக் கணக்கு எல்லாம் வந்துவிடும்.

பொறியாளர்களுக்கும் இது நல்ல உதவிதான். ஸ்டாட் புரோ, ஈடாப்ஸ் போன்ற மென்பொருள்களில் கட்டடத்தின் சுமையைக் கணக்கிடுவது அவர்களுக்குப் பல வருடப் பழக்கம். இப்போது நாலைந்து மாதிரிகளை ஒப்பிட்டுப் பார்க்கவும், அறிக்கை எழுதவும் ஏ.ஐ-யும் கைகொடுக்கிறது.

சிக்கல் எங்கே? மனைக்கு அடியில் இருப்பது மணலா, செம்மண்ணா, களிமண்ணா என்பது செல்போனுக்குத் தெரியாது. மழையில் உப்பி, வெயிலில் சுருங்கும் களிமண் என்றால் அஸ்திவாரமே மாற வேண்டும். மண் பரிசோதனை விவரம் தராவிட்டால், ஏ.ஐ தானாகவே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுவிடலாம். சொல்லும்போது மட்டும் தயக்கமே இருக்காது!

வடிவமைப்பில் குறை இருந்தால் என்ன ஆகும் என்பதை இந்த மாவட்டம் கண்டிருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டம் மவுலிவாக்கத்தில், 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். கட்டியவர்களோடு பொறியாளர்களும் கைதானார்கள். கட்டடம் விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் மனிதர்தான். மென்பொருளை யாரும் கூண்டில் ஏற்ற முடியாது.

பெருநகருக்குப் பக்கத்து ஊரான உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் குடவோலையில் இடம்பெறக் கூடாது என்கிறது அது. கணக்குப் போடத் தெரிந்தால் மட்டும் போதாது, கேட்டால் காட்டவும் வேண்டும் என்பது 1,100 வருடங்களுக்கு முன்பே இந்த மண்ணில் எழுதிவைத்த விதி.

வீடு கட்டுபவர்கள் பொறியாளரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். மண்ணைப் பரிசோதித்தீர்களா? ஏ.ஐ சொன்ன அளவுகளை ஐ.எஸ். 456 விதிப்படி நீங்களே சரிபார்த்தீர்களா? வரைபடத்தில் உங்கள் கையெழுத்து இருக்குமா?

மூன்றுக்கும் 'ஆமாம்' என்று பதில் வந்த பிறகு அஸ்திவாரம் தோண்டலாம்.